பனையடியில் ஒரு மனைக்கல்

உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, பனையடியில் மஞ்சள் சாயம் பூசிய கல்லைப் பார்த்தேன். மனை எண் 37.

அந்தப் பனையில் ஏறும் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். "இந்த வருடம் பதநீருக்குக் கலயம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் தம்பி" என்றார். பாளை அரிவாளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மரத்தின் சொரசொரப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அந்தக் கல்லுக்கு அது தெரியுமா?

ராமநாதபுரம் நகரம், பட்டணம்காத்தானைத் தாண்டிக் கிழக்கே உச்சிப்புளி பக்கமாக நீண்டுகொண்டிருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காக நகரை ஒட்டி வீடு தேடுகிறவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

தண்ணீரை நினைத்தால்தான் பயம். இந்த மணலுக்கடியில் இருப்பது மழை விட்டுச்சென்ற நன்னீர், மெல்லிய படலம்தான். அதற்குக் கீழே உப்புநீர். என் அம்மா ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடம் நிரப்பியது அந்தப் படலத்திலிருந்துதான். வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால் எது, ஊரணி எது என்று பார்த்துவிட்டு மனை பிரியுங்கள், ஐயா.

திரும்பி வரும்போதும் அந்த அண்ணன் 37-ஆம் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.