வாசல் இல்லாதவர் இடம்

"எனக்குன்னு ஒரு வாசல் இருந்திருந்தா நானும் வேணாம்னு சொல்லியிருப்பேன் சார்."

இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியிலிருந்த கரிச்சாம்பலைத் தட்டிக்கொண்டே, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என்னிடம் இதைச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. இன்னும் என் காதிலேயே கிடக்கிறது.

2024 கோடை. மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட் வரை போனது. அனல்மின் நிலையம், சோலார், துணைமின் நிலையம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அவ்வளவு மின்சாரமும் கடைசியில் ஒரு தெரு டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வீட்டுக்குள் போயாக வேண்டும். எங்கள் தெருவில் இருந்தது 100 கேவிஏ திறன் உள்ளது. அது தாங்குவது பேஸுக்கு, அதாவது மூன்று மின்கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும், 133 ஆம்பியர். ராத்திரி பத்தரைக்கு, கம்பியில் ஓடும் ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டினால் ஒரு பேஸில் 170 காட்டும். வீட்டுக்கு வீடு ஏசி, ஒவ்வொன்றும் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். பியூஸ் போட்டுப் போட்டு வயர்மேன் சலித்துவிட்டார்.

இரண்டாவது டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போட்டு அனுமதியும் வந்தது. அதை லோடுக்கு, அதாவது மின்சாரம் இழுக்கும் வீடுகளுக்கு, நடுவில் வைக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் கம்பி நீளம் குறைந்து கடைசி வீட்டுக்கும் வோல்டேஜ் நிற்கும். நடுத்தெருவில் மூன்று வீட்டில் கேட்டேன். "கண்டிப்பா வேணும் தம்பி, ஆனா எங்க வாசல்ல வேணாம்." மூன்று வீட்டிலும் இதே பதில். சரி என்று தெருக்கோடி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். அங்கே அண்ணனின் தள்ளுவண்டி. எண்ணெய் நிரம்பிய டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கரி நெருப்பு கூடாது, அதனால் வண்டி போகத்தான் வேண்டும். இதில் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை.

அன்றைக்குத் தெருவில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார், ராத்திரிக்கு ராத்திரி அவர் மகன் போன் செய்வார். இன்னும் ஒரு மாதம் இடம் தேடிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று வீட்டுக்கும் நான் ஒரு தடவைதானே போனேன். அண்ணனிடம் கேட்கவே இல்லை, தேதியை மட்டும் சொன்னேன். நெருப்பு ஆபத்து என்ற காரணமும், யோசித்துப் பார்த்தால், இடத்தை முடிவு செய்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

வேலை முடிந்ததும் அளந்தேன். மறுகோடி வீட்டில் 175 வோல்ட் இருந்தது 205 ஆனது. நடுவில் வைத்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும். கரிப்பெட்டி வைத்துத் தொழில் செய்த மனிதர் அந்தத் தெருவில் எங்களிடம் ஒரு யூனிட்கூட வாங்கியதில்லை.

இப்போது அடுத்த தெருவுக்கு எஸ்டிமேட் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இடம் பார்க்கப் போகிறோம். வாசல் உள்ளவர்கள் வேண்டாம் என்றால் இரண்டாவது தடவையும் போய் நிற்பேனா, எனக்கே தெரியவில்லை.