அம்மாவோடு கட்டி சார்க் பார்க்கப் போகுமுன்

வரும் ஜூன் மாதம் அம்மாவும் அக்காவின் மகனும் லண்டனுக்கு வருகிறார்கள். விடுமுறையில் இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊரான மஸ்கெலியாவுக்கு வந்திருக்கும் நான், அவர்களை அங்கே எங்கெல்லாம் அழைத்துப் போவது என்று இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து எழுதிய பட்டியலில் அரண்மனைக்கோ மணிக்கூண்டுக்கோ முதலிடம் கொடுக்கவில்லை. கிரீன்விச்சில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள, நீர் வற்றவைத்த உலர்துறையில் அருங்காட்சியகமாக நிற்கும் கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலுக்கே அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறேன். மலையகத்திலிருந்து போய் இங்கிலாந்தில் காலூன்றிய பிள்ளைகள் பலர் இப்போது பெற்றோரை வரவழைத்துக்கொண்டிருக்கும் காலம் என்பதால், இந்தத் திட்டத்தையும் அதன் காரணத்தையும் சற்று விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

நான் லண்டனுக்குப் போன புதிதில் கட்டி சார்க் என்பது எனக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர் மட்டுமே. லூவிஷாமில் ஓர் அறையில் நான்கு பேரோடு தங்கியிருந்து, ஆற்றுக்கு வடக்கே ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்தேன். போகும்போதும் வரும்போதும் டி.எல்.ஆர். என்ற இலகு ரயில் அந்த நிலையத்தில் நின்று புறப்படும்; நிலையம் நிலத்துக்கு அடியில் இருப்பதால் கப்பலின் கொடிமர நுனிகூடக் கண்ணில் படாது. அந்த மாதங்களில் குளிரைவிட என்னை வாட்டியது வேறொன்று. தமிழ்க் கடைகளில் அன்போடு பேச்சுக் கொடுப்பவர்கள், “யாழ்ப்பாணத்தில எவடம் தம்பி?” என்று கேட்பார்கள். மஸ்கெலியா என்று சொன்னதும் அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; ஊரைச் சொன்னால் உறவு விசாரிக்கும் அந்தப் பழக்கத்துக்குள் எங்கள் ஊர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தப் பெரிய நகரத்தில் எங்களுக்கு உரிய இடம் என்று காட்ட எதுவுமே இல்லையா என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான், ஒரு விடுமுறை நாளன்று அந்த நிலையத்தில் இறங்கி, மேலே ஏறிப் போய், அந்தக் கப்பலின் முன்னால் நின்றேன். தேயிலை ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட கப்பல் என்று அங்கே எழுதியிருந்தது. கட்டிய ஆண்டு 1869.

அந்த ஆண்டை மலையகத்தவர் எவரும் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. 1869 நவம்பர் 22ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டம்பார்டனில் இந்தக் கப்பலை நீரில் இறக்கினார்கள். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர்தான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. அதே 1869இல்தான் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873இல் இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போன முதல் தேயிலை வெறும் 23 இறாத்தல்.

ஆகவே, நம்முடைய தேயிலையை ஏற்றிப் போன கப்பல் இது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. கட்டி சார்க் ஏற்றியது சீனத் தேயிலை. 1870 முதல் 1877 வரை எட்டு முறை அந்தச் சரக்கோடு லண்டனுக்குத் திரும்பியது. பருவத்தின் முதல் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்ததால் கப்பல்களுக்கிடையே பெரும் போட்டி நடந்தது. 1872இல் தெர்மோப்பிலே என்ற கப்பலோடு போட்டியிட்டு ஓடியபோது, இந்துமாக் கடலில் சுக்கான் உடைந்து, நடுக்கடலிலேயே மாற்றுச் சுக்கான் செய்து பொருத்திக்கொண்டு ஒரு வாரம் பிந்தி வந்து சேர்ந்தது. சுயஸ் கால்வாயும் செங்கடலும் பாய்மரக் கப்பல்களுக்குத் தோதான வழியல்ல. நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் அவை வர வேண்டியிருந்தது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் முந்திக்கொண்டன. இலங்கைத் தேயிலை பெருமளவில் லண்டனுக்குப் போகத் தொடங்கியபோது கட்டி சார்க் அந்த வியாபாரத்தையே விட்டு, அவுஸ்திரேலியாவிலிருந்து கம்பளி ஏற்றிக்கொண்டிருந்தது.

அப்படியிருந்தும் அம்மாவை அங்கே அழைத்துப் போக விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்த அவருக்கு, அந்தக் கொழுந்து தோட்டத்து ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி எங்கே போனதென்று யாரும் காட்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள் நிற்கும் இலக்கத்தோடு அவருடைய கணக்கு முடிந்துவிடும். லண்டன் மக்களின் தேயிலை மோகம் எவ்வளவு பெரியது, அதற்காக எவ்வளவு பணமும் உயிரும் கடலில் இறக்கப்பட்டன என்பதைக் கண்ணால் பார்க்க அந்தக் கப்பல் ஒன்று போதும். அந்த மோகம்தான் பிறகு எங்கள் மலைகளையும் எங்கள் முன்னோரையும் தேடி வந்தது.

நேற்று இரவு அம்மாவும், அக்கா மகனான என் மருமகனும், நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கட்டி சார்க் முதல் பயணத்தில் கொண்டு வந்த தேயிலை ஏறத்தாழ 13 இலட்சம் இறாத்தல். கிலோவில் சொன்னால் 5 இலட்சத்து 90 ஆயிரம். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று அம்மா சொன்னார். அவர் வேலை செய்த காலத்தில் ஒரு ‘பேருக்கு’, அதாவது ஒருவரின் ஒரு நாள் வேலைக்கு, 18 கிலோ பறிக்க வேண்டியிருந்தது. அந்த அளவை வைத்துப் பார்த்தால், ஒரு கப்பல் நிறைவதற்கு ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் ‘பேர்’, அதாவது அத்தனை ஆள்நாள் வேலை, விழ வேண்டும். மருமகன் தொலைபேசியில் மறுபடியும் பெருக்கிப் பார்த்துச் சரி என்றான். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அங்க பறிச்சதும் பொம்பளைங்க தானா?” என்று கேட்டார். சீனத்திலும் கொழுந்து பறிப்பில் பெண்கள் கை பெரிதும் உண்டு என்றேன். அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு அப்போதுதான் வந்தது என்று நினைக்கிறேன். அதுவரை எனக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எனினும் கப்பலுக்குப் போகுமுன் இங்கேயே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்பளைப் பக்கம், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயத்தையே, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டையே, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகமும் நல்லதுதான். இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பொருட்களையும் அங்கே பார்க்கலாம். ஆனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கம்பளைக்கே போகச் சொல்வேன். எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் கிடையாது. 2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் பலர் நடந்தார்கள். அந்தத் தோணிகளில் ஒன்றைக்கூட எவரும் பாதுகாத்து வைக்கவில்லை. கட்டி சார்க்கின் ஒவ்வொரு பலகையையும் போற்றி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மதிப்பும் வருகிறது, மனமும் வலிக்கிறது. மருமகன் கப்பலை மட்டும் பார்த்துவிட்டு வளரக் கூடாது. லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை, முதலில், அருங்காட்சியகத்தின் கண்ணோடு, அவன் பார்க்க வேண்டும்.

இனி கிரீன்விச்சில் அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. “கப்பல்ல ஏற நம்ம காலு ஒத்துக்குமா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கப்பல் கடலில் ஆடிக்கொண்டிருப்பதில்லை, 1954 முதல் தரையில்தான் நிற்கிறது, தளங்களுக்கு மின்தூக்கி இருக்கிறது என்று சொன்ன பிறகு சற்றுத் தெளிந்தார். காலை 10 மணிக்குத் திறப்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் சுற்றுலாக்காரரும் நெருக்குமுன் உள்ளே போய்விடுவது நல்லது. நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவேன். போகும்போது டி.எல்.ஆர். ரயிலில் போவோம், அந்த ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது, முன் இருக்கையில் மருமகனை உட்கார வைத்தால் தண்டவாளம் முழுவதும் அவன் கண்முன் விரியும். திரும்பும்போது கப்பலுக்குப் பக்கத்துத் துறையிலிருந்து ஆற்றுப் படகில் வெஸ்ட்மினிஸ்டர் வரை வரலாம்.

உள்ளே அவசரப்படாமல் பார்க்க வேண்டியது கீழ்த்தளம். தேயிலைப் பெட்டிகளை அடுக்கியிருந்த இடம் அது. அடியில் சரளைக் கல்லைப் பரப்பி, அதன் மேல் பெட்டிகளை இடைவெளியே இல்லாமல் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினார்கள்; கப்பலின் வளைவுக்குள் ஒரு பெட்டியும் அசையாது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்து கையால் அழுத்திப் பார்க்கும் கொழுந்துக் கூடையைப் போலவா என்று அம்மா கேட்டார். ஆம் என்றுதான் சொன்னேன். மேல்தளத்தில் மாலுமிகள் படுத்த குறுகிய பலகைக் கட்டில்களையும், சற்றுத் தள்ளிக் கப்பல் தலைவரின் தேக்குப் பலகை பதித்த அறையையும் பார்க்கும்போது, லயத்துக்கும் துரை பங்களாவுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பிரதான கொடிமரம் 46 மீற்றர் உயரம். பாய்களைக் கட்டும் கயிறுகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 மைல். இப்போது பார்வையாளர்கள் பாதுகாப்புக் கயிற்றோடு கொடிமரத்தில் ஏறவும் தனிச்சீட்டு உண்டு. மருமகன் ஏற வேண்டும் என்கிறான். அவன் வயதுக்கு விடுவார்களா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

2007 மே மாதம் கப்பலில் தீப்பிடித்த செய்தியையும் அம்மாவிடம் சொன்னேன். லயம் பற்றி எரிந்ததை இரண்டு முறை நேரில் பார்த்தவர் என்பதால், எது எஞ்சியது என்று துருவித் துருவிக் கேட்டார். திருத்த வேலைக்காகக் கொடிமரங்களையும் பலகைகளில் பெரும்பகுதியையும் முன்பே கழற்றி வேறிடத்தில் வைத்திருந்ததால் அவை தப்பின. 2012இல் மறுபடி திறந்தபோது கப்பலை மூன்று மீற்றருக்கும் மேலாகத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதனால், பொன்னிறத் தகடு வேய்ந்த அடிப்பாகத்தின் கீழே நாமே நடந்து போகலாம். அங்கே தேநீர் குடிக்க மேசைகளும் உண்டு. அம்மாவுக்கு நடு ஓய்வு அங்கேதான்.

கிரீன்விச் வானியல் நிலையத்தையும் பூச்சியப் பாகை நெடுங்கோட்டையும் பார்க்க மேட்டில் ஏற வேண்டும். மலையில் பிறந்தவருக்கு அந்த மேடு பெரிதல்ல, ஆனால் முழங்காலை எண்ணி அதை இன்னொரு நாளுக்கு வைத்திருக்கிறேன். ஜூனிலும் ஆற்றுக் காற்று குளிரும். கம்பளி மேற்சட்டை கட்டாயம்.

பயணத்துக்கான கடவுச்சீட்டு அம்மாவின் முதல் கடவுச்சீட்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது, அப்படியே இறந்துபோனார். கொழும்பில் விசாவுக்குக் கைரேகை எடுத்தபோது, கொழுந்துக் கறையும் வெடிப்பும் படிந்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார்கள், விழுந்தது.

கம்பளைக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை வேன் பேசியாகிவிட்டது. அக்காவும் பக்கத்துக் காம்பரா சித்தியும் வருகிறார்கள். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் புறப்பட்டால், ஹட்டன், நாவலப்பிட்டி வழியாகப் பத்து மணிக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம்.