கமகத்துக்கு ஒரு சக்கரம் வேண்டும்

அம்மாவுக்கு நலுங்கு, ஊஞ்சல், கும்மி, தாலாட்டு என்று ஏகப்பட்ட பாட்டு தெரியும். பாட்டியிடமும் அத்தைமார்களிடமும் கேட்டுக் கேட்டு வந்தவை. எதையும் நோட்டில் எழுதி வைத்ததில்லை. அவர் பாட, நான் பின்னால் வாசிக்க, வீட்டிலேயே ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குத்தான் கீபோர்டு தேடினேன். எனக்கு ஆர்மோனியம் ஓரளவு கைவரும். கர்நாடக சங்கீதம் கீர்த்தனை வரைக்கும் படித்திருக்கிறேன்.

என் பட்ஜெட் இருபதாயிரம் ரூபாய். அந்த எல்லைக்குள் கடைசியில் இரண்டு நின்றன: யாமஹா பிஎஸ்ஆர்-இ373, கேசியோ சிடி-எஸ்300. முதலாவது 2020இல் வந்தது, இரண்டாவது 2019இல். இரண்டிலும் முழு அளவிலான 61 கீ, அதாவது ஐந்து ஸ்தாயி. இரண்டிலும் விரல் விழும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள் இரண்டிலும் 48. இரண்டும் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். தூரத்தில் நின்று பார்த்தால் எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும்.

கடைக்காரர்கள் இந்த இடத்தில் எண்ணிக்கையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். யாமஹாவில் 622 டோன் (கருவிகளின் ஒலிகள்), 205 ரிதம் (தானாக ஓடும் தாளங்கள்). கேசியோவில் 400 டோன், 77 ரிதம். "மேடம், அதே காசுக்கு இருநூறு டோன் கூடுதலாகக் கிடைக்குது" என்றார் ஒருவர். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு புல்லாங்குழல், ஒரு வயலின், ஒரு ஆர்மோனியம், கேட்கும்படியான ஒரு பியானோ, அவ்வளவுதான். கிடார் மட்டுமே பல தினுசில் இருக்கிறது. எலெக்ட்ரிக் பியானோவும் அப்படித்தான். வீட்டில் பாட்டு செய்கிற யாருக்கும் நானூறே அதிகம். ரிதமும் அதே கதை. இந்தியத் தாளம் என்ற தலைப்பில் கீபோர்டுகளில் வருபவை பெரும்பாலும் கெஹர்வா, தாத்ரா, பாங்ரா போன்ற வடக்கத்தித் தாளங்கள். தாத்ராவுக்கு ஆறு மாத்திரை என்பதால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் கும்மிப் பாட்டின், மும்மூன்றாகப் போகும் திஸ்ர நடைக்குச் சரியாக ஒத்துப்போகிறது. ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாப்பு, ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாப்பு எல்லாம் வேண்டுமென்றால் கையால் தட்டிக்கொள்வதுதான் வழி. எங்கள் வீட்டில் அம்மாவே தொடையில் தட்டிவிடுவார்.

சரி, வித்தியாசம் எங்கே? கேசியோவின் இடது ஓரத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. பிட்ச் பெண்ட் வீல் என்பார்கள், உருட்டினால் ஒலிக்கிற சுரம் மேலும் கீழும் வளையும். யாமஹா இ373இல் அது இல்லை. யாமஹாவின் யுஎஸ்பி வழியாகக் கீபோர்டின் ஒலியே நேராகக் கணினிக்குள் போகும், குறுந்தகட்டுத் தரத்தில், இரைச்சல் இல்லாமல். கேசியோவின் யுஎஸ்பியில் ஒலி போகாது, மிடி, அதாவது எந்தக் கீ எப்போது அழுந்தியது என்ற குறிப்பு மட்டும்தான் போகும். ஆக ஒன்றில் சக்கரம், இன்னொன்றில் சுத்தமான பதிவு. நான் யோசித்ததெல்லாம் இதை வைத்துத்தான்.

இந்தச் சக்கரத்துக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்றால், அம்மா பாடுவது நேர்க்கோட்டில் நிற்கிற சுரங்கள் அல்ல. நலுங்குப் பாட்டில் ஆனந்தபைரவி ராகத்தின் வாடை அடிக்கும், தாலாட்டில் நீலாம்பரி. ஆனந்தபைரவியின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண காந்தாரம் என்று ஏட்டில் எழுதிவிடலாம். பாடும்போது அது அந்த இடத்தில் சும்மா உட்காராது. கீழே ரிஷபத்தைத் தொடும், மேலே மத்தியமத்தை எட்டிப் பார்க்கும், அந்த அசைவுதான் காந்தாரம். கமகம் என்பது இந்த அசைவைத்தான். கீபோர்டில் ரி, க, ம என்று மூன்று கீயைத் தனித்தனியாக அழுத்தினால் படிக்கட்டில் இறங்குவது போலத் தடதடவென்று கேட்கும். அதே காந்தாரத்தை ஒரே விரலில் பிடித்துக்கொண்டு இடது கையால் சக்கரத்தை உருட்டினால் சுரம் வழுக்கிப் போகும்.

கணக்கும் அழகாக அமைகிறது. கறுப்பு, வெள்ளை என்று பார்க்காமல் ஒரு கீயிலிருந்து பக்கத்துக் கீ வரை உள்ள தூரம் ஓர் அரைச்சுரம். சக்கரத்தின் வீச்சு வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். சாதாரண காந்தாரத்திலிருந்து சுத்த மத்தியமம் இரண்டு அரைச்சுரம் மேலே: சக்கரத்தை முழுக்கத் தள்ளினால் மத்தியமம். சதுசுருதி ரிஷபம் ஓர் அரைச்சுரம் கீழே: பாதி இழுத்தால் ரிஷபம். விட்டுவிட்டால் ஸ்பிரிங் தானே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், அதாவது காந்தாரத்துக்கே. கைக்குப் பழக்கமானால் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. குரலின் நுணுக்கம் அத்தனையும் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்கிறவருக்கு ராகம் தெரியும்.

ஒன்று மட்டும். இதைப் பியானோ டோனில் செய்யாதீர்கள், அடித்தவுடன் தேய்ந்து போகிற ஒலி அது. வளைத்தால் தட்டுக் கெட்ட மணி மாதிரி ஆகிவிடும். புல்லாங்குழல், வயலின் போல நின்று ஒலிக்கும் டோன்தான் இதற்குச் சரி. இன்னொன்று, இடது கை சக்கரத்துக்குப் போய்விடுவதால் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்கக் கை இருக்காது. எங்கள் பாட்டுக்குக் கார்டு தேவையில்லை, சுருதி போதும். போனில் ஒரு தம்பூரா செயலியைப் போட்டுக்கொள்கிறேன்.

இப்போது பதிவு விஷயம். யாமஹாவின் யுஎஸ்பி உண்மையிலேயே நல்ல வசதி. ஒரே ஒரு கேபிள். வேறு எந்தப் பெட்டியும் வேண்டாம். சினிமாப் பாட்டுக்குக் கார்டோடு வாசித்துப் பதிவு செய்கிறவர், மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுக்குப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர் யாராவது கேட்டால் இ373ஐ வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதன் பியானோ டோனும் என் காதுக்குக் கேசியோவை விட நிறைவாக இருந்தது. அக்கா மகன் மேற்கத்திய இசை படிக்கிறான், அவனுக்கு அதைத்தான் சொன்னேன்.

என் தேவை வேறு. பதிவின்போது அம்மா குரல் எப்படியும் மைக்கில்தான் வர வேண்டும். கீபோர்டின் ஸ்பீக்கர் ஒலி அந்த மைக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் கீபோர்டின் ஹெட்போன் துளையில் இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன இணைப்பைச் செருகி, ஒன்று அவர் காதுக்கு, ஒன்று என் காதுக்கு. அறையில் குரல் மட்டும் கேட்கும். கீபோர்டு வாசிப்பு மிடியாக லேப்டாப்புக்குள் போகும்.

மிடி என்பது ஒலியே அல்ல. 1983இல் கருவிகளுக்கிடையே பொதுவாக ஏற்படுத்திய ஒரு முறை. எந்தக் கீ எப்போது அழுந்தியது, எவ்வளவு வேகமாக அழுந்தியது, எப்போது விட்டது என்ற குறிப்புகள் மட்டும் போகும். வேகத்தை 127 வரை எண்ணாகச் சொல்லும். சக்கரம் எந்த நொடியில் எவ்வளவு உருண்டது என்பதும் சேர்ந்தே பதிவாகிவிடும். எனக்கு இது யாமஹா தரும் வசதியை விடப் பெரிய வசதியாகப் போய்விட்டது. அம்மா ஒரு பாட்டை நன்றாகப் பாடி முடித்திருப்பார். நான் நடுவில் ஒரு சுரம் பிசகியிருப்பேன். அவரை மறுபடி பாடச் சொல்ல வேண்டாம். திரையில் அந்த ஒரு சுரத்தை நகர்த்தினால் போதும், கமகம் கொஞ்சம் அதிகமாகப் போனால் அந்த வளைவையே தணித்துவிடலாம். எல்லாம் சரியான பிறகு மிடியைத் திரும்பக் கீபோர்டுக்கே அனுப்பி வாசிக்க வைத்து, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் வழியாக ஒரே தடவை ஒலியாகப் பிடித்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். கீபோர்டையும் பேட்டரியில் ஓட்டுங்கள். 'உம்ம்' என்று அடியில் ஓடுகிற மின் இரைச்சல் பெரும்பாலும் அதிலேயே போய்விடும்.

சக்கரமும் வேண்டும், யுஎஸ்பி ஒலியும் வேண்டும் என்றால் யாமஹாவிலேயே 2022இல் வந்த பிஎஸ்ஆர்-இ473 இருக்கிறது. 820 டோன், ஒரே நேரத்தில் 64 சுரம், மைக் துளைகூட உண்டு. கையில் காசு இருந்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம். என் இருபதாயிரத்தை அது எங்கேயோ தாண்டிப் போய்விட்டது.

எடையையும் பார்த்தேன். கேசியோ 3.3 கிலோ, பிடித்துத் தூக்க மேலேயே கைப்பிடி. யாமஹா 4.6 கிலோ. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் அம்மாவால் நாற்காலியில் நெடுநேரம் உட்கார முடியாது. கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் பாடுவார். கீபோர்டு பீரோவுக்கும் கட்டிலுக்குமாகத் தினமும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு கையில் தூக்கிக்கொண்டு போக முடிகிறதா என்பது எங்கள் வீட்டில் முக்கியமான கேள்வி. ஸ்பீக்கர் சத்தம் இரண்டிலும் சிறிய அறைக்குப் போதும், கூடத்துக்குப் போதாது.

கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. சிடி-எஸ்300க்கு அருகிலேயே சிடி-எஸ்200 இருக்கும். பார்க்க ஒரே குடும்பம், டோனும் அதே 400. அதில் விரல் வேகத்தை உணரும் வசதி கிடையாது, சக்கரமும் கிடையாது. யாமஹாவில் இ373க்கு இ273 அப்படி. எண்ணில் ஒரே ஓர் இலக்கம்தான் மாறும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிக்கொண்டிருக்காமல் பியானோ டோனைப் போட்டு ஒரே கீயை மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே சத்தமாக வந்தால் அது வேறு மாடல். ஓடுகிற ரிதத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தனி டோனைக் கேளுங்கள். டமடம என்று தாளம் போகும்போது எந்தப் புல்லாங்குழலும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுச் சும்மா வாசித்துப் பாருங்கள். கீக்கள் 'கடக் கடக்' என்று அடித்துக்கொள்கிற ஓசை தனியாகக் கேட்கும். மைக் பக்கத்தில் வைத்து ராத்திரியில் பதிவு செய்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சுருதி மாற்றுவது இரண்டிலும் எளிது. அம்மா இப்போது 4½ கட்டைச் சுருதியில் பாடுகிறார். நேராக வாசித்தால் ஷட்ஜமம் கறுப்புக் கீயில் விழும். டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஆறு அரைச்சுரம் ஏற்றிவிட்டால் நான் ஒரு கட்டையில் வாசிப்பது போலவே வாசிக்கலாம், ஒலி 4½இல் வரும். ஆனால் டிரான்ஸ்போஸ் போடாமல் 4½ கட்டையிலேயே கறுப்புக் கீக்களில் மட்டும் வாசித்துப் பாருங்கள். ஐந்து கீயும் அப்படியே மோகன ராகம். அதே ஐந்தில் ஆதார சுரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி எல்லாம் வரிசையாக வரும். கிரக பேதத்தை எனக்குப் பாடமாகச் சொன்னபோது புரியாதது, கறுப்புக் கீயில் கை வைத்ததும் விளங்கிவிட்டது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைக் கட்டாயம் காட்டுங்கள். அவர்கள் எங்கே தட்டினாலும் ராகமாக வரும்.

கேசியோவையே வாங்கினேன். அடாப்டர் தனியாக வாங்குகிறவர்களுக்கு: கேசியோவுக்கு 9.5 வோல்ட், யாமஹாவுக்கு 12 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று ஒன்றுக்கானதை இன்னொன்றில் செருகக் கூடாது. சஸ்டெய்ன் பெடல் (மிதித்தால் சுரம் நீண்டு ஒலிக்கும்) பொதுவான கம்பெனிப் பொருளாக எடுத்தால் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள். சில பெடல்கள் மிதித்தால் விடும், விட்டால் பிடிக்கும். அந்தச் சுவிட்சைத் திருப்பினால் சரியாகிவிடும். நீலாம்பரித் தாலாட்டு இரண்டு முடித்துவிட்டோம். ஊஞ்சல் பாட்டை மின்விசிறி இல்லாமல் உட்கார முடிகிற மாதத்தில்தான் தொடங்க வேண்டும். மைக்கில் காற்றோசை விழுகிறது.