மாமியாரின் மறுபார்வை

அன்பைப் பற்றி எழுதும் மெய்யியலாளர்கள் பெரும்பாலும் காதலர்களையோ நண்பர்களையோ எடுத்துக்காட்டாகக் கொள்வார்கள். பிரிட்டிஷ் மெய்யியலாளரும் நாவலாசிரியருமான ஐரிஸ் மர்டாக்கோ ஒரு மாமியாரையும் மருமகளையும் எடுத்துக்கொண்டார். 1970-இல் நூலாக வந்த அவருடைய கட்டுரைகளில், மகன் தனக்குக் குறைந்த ஒருத்தியை மணந்துகொண்டான் என்றும், அவள் நயமற்றவள், சிறுபிள்ளைத்தனமானவள் என்றும் எண்ணும் ஒரு தாய் வருகிறார். ஆனால் அவ்வெண்ணத்தைச் சொல்லிலோ முகத்திலோ காட்டாமல் குறையின்றி நடந்துகொள்கிறார். (நம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இவர் சற்றும் பயன்படமாட்டார்.) பின்னர், தான் பழமைப்பிடிப்பு உள்ளவள், பொறாமையும் கொண்டவள் என்பதை உணர்ந்து, அந்தப் பெண்ணை மனத்துக்குள் மீண்டும் கவனித்துப் பார்க்கிறார், நயமின்மையாகத் தோன்றியது எளிமையாகவும், சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது இளமையின் துள்ளலாகவும் தெரியத் தொடங்குகின்றன.

மருமகள் வெளிநாடு போய்விட்டாள், அல்லது இறந்தேவிட்டாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மர்டாக். புறத்தே எதுவும் மாறவில்லை. ஆயினும் அறம் சார்ந்த ஒரு செயல் நிகழ்ந்திருக்கிறது என்பதே, நடத்தையையும் தேர்வையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்த அக்கால ஆங்கில மெய்யியலுக்கு எதிராக அவர் வைத்த வாதம். நீதியும் அன்பும் கலந்த இந்தக் கவனம் என்னும் கருத்தை அவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்லிடமிருந்து பெற்றார்.

முதல் மதிப்பீடே சரியாக இருந்திருந்தால் என்ன என்று கேட்கலாம். மாமியார் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மர்டாக்கும் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு: இத்தனை நுட்பமாகப் பார்க்கப்படும் அந்த மருமகள், கதை முழுவதிலும் தன் மாமியாரைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.