ஹால்டே மலையில் பிர்க்லண்டின் ஆய்வுக்கூடம்

இரவு வானில் ஆடும் துருவ ஒளியை (அரோரா) பார்க்க நார்வே போகிறவர்கள் பெரும்பாலும் ட்ரோம்சோ நகரத்தோடு நின்றுவிடுவார்கள். நான் இன்னும் வடகிழக்கே, ஆல்டா வரை போனேன். அதற்குக் காரணம் ஹால்டே மலை. சுமார் 900 மீட்டர் உயரத்தில் 1899இல் கிறிஸ்டியான் பிர்க்லண்ட் என்ற இயற்பியலாளர் அமைத்த ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது.

செப்டம்பர் தொடக்கம். இரவு நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது, பாதையில் பனி இன்னும் விழவில்லை. அடிவாரத்து கோஃபியோர்டிலிருந்து ஏற ஏற பிர்ச் மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய், அப்புறம் வெறும் கல்தான். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. இந்த இடத்தில் பிர்க்லண்டின் குழு ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தது. குழுவில் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை கட்டடத்தை எரித்தது. இப்போது நிற்பது பிறகு சீரமைத்தது.

அவர்கள் வானத்தை மட்டும் பார்க்கவில்லை, காந்த ஊசியையும் பார்த்தார்கள். துருவ ஒளி ஆடும்போது ஊசியும் ஆடுகிறது என்பதை 1741இலேயே ஸ்வீடனின் உப்சாலாவில் செல்சியஸ், ஹியோர்டர் என்ற வானியலாளர்கள் கவனித்திருந்தார்கள். ஏன் ஆடுகிறது என்பதற்குத்தான் பிர்க்லண்ட் பதில் தேடினார். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துத் துருவப் பகுதிக்கு இறங்குகின்றன, அங்கே பாயும் மின்னோட்டம்தான் ஊசியைத் திருப்புகிறது என்றார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1917இல் அவர் இறந்தார். அந்த மின்னோட்டத்தைச் செயற்கைக்கோள்கள் அளந்தது 1960களில்தான். அந்தக் கல் சுவருக்கு முன்னால் நிற்கும்போது இந்தத் தாமதம் எனக்கு வலித்தது.

சூரியன் வெடிக்கும்போது இரண்டு விஷயங்கள் நடக்கலாம். வெடிப்புச் சுடரின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றம் கொண்ட வாயு, வந்துசேர வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். 1859 செப்டம்பரில் ஆங்கில வானியலாளர் கேரிங்டன் கண்ட வெடிப்பின் மேகம் 18 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மேகம் தன் காந்தப்புலத்தையும் சுமந்து வருகிறது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் புலம் பெரும்பாலும் அதை ஒதுக்கிவிடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டு புலங்களும் கோத்துக்கொள்ளும். கதவு திறந்ததுபோல ஆற்றல் உள்ளே கொட்டும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் இப்படித்தான் ஆனது. தரைக்குள் தூண்டப்பட்ட மின்னோட்டம் மின்கம்பிகளில் ஏற, ஒன்றரை நிமிடத்தில் மின்கட்டமைப்பு சரிந்து, சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள்.

அன்று இரவு ஆல்டா ஆற்றங்கரையில் நின்றேன். கைபேசியில், காந்தப்புலத்தை அளக்கும் ட்ரோம்சோ காந்தமானியின் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வடக்கே மங்கலான பச்சை வளைவு மட்டும். கோடும் சமமாகக் கிடந்தது. நள்ளிரவுக்கு முன் வளைவு உடைந்து திரைச்சீலையாகி தலைக்கு மேலே வந்துவிட்டது. அடி விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடியது. கொஞ்ச நேரத்தில் வரைபடக் கோடும் செங்குத்தாகக் கீழே இறங்கியது, சில நூறு நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). அங்கே பூமியின் புலம் ஐம்பதாயிரம் நானோடெஸ்லாவுக்கும் மேல். அதில் இது சின்னப் பங்குதான். ஆனால் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பாயும் மின்னோட்டத்தைக் கண்ணாலும் எண்ணாலும் சேர்த்துப் பார்த்தது என்னை உலுக்கிவிட்டது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் காந்தக் கொந்தளிப்பின் அளவைச் சொல்லும் கேபி (Kp) எண்ணையே பார்க்கிறார்கள். அது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடும், உலகம் முழுவதற்குமான சராசரி. அதோடு, சூரியனிலிருந்து வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்று சொல்லும் பிஇசட் (Bz) எண்ணையும் பாருங்கள். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள விண்கலம் அளப்பது அது. எதிர்மறையாகி, அதாவது தெற்கு நோக்கித் திரும்பி, அப்படியே நீடித்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் இடத்துக்கு அதற்குள் போய்விடுங்கள்.