இத்தாலியின் வடகோடியிலிருந்து சிசிலி வரை: கடைசி அறுபது கிலோமீட்டர்தான் பாடாய்ப் படுத்தும்

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் பற்றி எழுத என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. மூன்று ஊருக்கும் இடையில் அதிவேக ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன. முன்கூட்டியே வாங்கினால் சீட்டும் மலிவு. அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் சிக்கலில்லாமல் கிடைத்தது. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் முன்பதிவைக் காட்டி, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டையும் வைக்க வேண்டும்.

நான் எழுத வந்தது மற்ற இத்தாலியைப் பற்றி. வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்து பொல்சானோ, தெற்கே பாரி, மத்தேரா, சலெர்னோ, கடைசியில் சிசிலித் தீவின் பலெர்மோ. மனைவியும், எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவும் கூட வந்தார்கள். இந்த நாட்டில் மொத்தம் 20 பிராந்தியங்கள். உள்ளூர் ரயிலும் பேருந்தும் அந்தந்தப் பிராந்தியத்தின் பொறுப்பு. பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நம்பினால், கடைசி அறுபது கிலோமீட்டரில் மாட்டிக்கொள்வோம்.

பொல்சானோவில் எல்லாம் ஒழுங்கு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்த பகுதி அது. பெயர்ப்பலகைகள் இத்தாலியிலும் ஜெர்மனிலும் இருக்கின்றன. விடுதிக்காரர் கொடுத்த விருந்தினர் அட்டையைக் காட்டி அந்த மாகாணத்தின் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் இலவசமாகப் போனோம். அறை பதிவு செய்யும்போதே அந்த அட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா விடுதிகளும் தருவதில்லை. இன்னொன்று: டோலோமைட் மலைகளின் கேபிள் கார்கள் பல ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் மூடிக் கிடக்கும். பனிச்சறுக்குப் பருவத்துக்கும் கோடைக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. நாங்கள் போனது மே மாதம். ஊருக்குள்ளிருந்து ரெனோன் மேட்டுக்கு ஏறும் கேபிள் கார் மட்டும் ஓடியது. மேலே 1907 முதல் ஓடும் ஒரு குட்டி ரயில் இருக்கிறது, பெரியவர்களுக்கு அதைவிடச் சுகமான மலைப்பயணம் கிடையாது.

முதல் உரசல் அங்கிருந்து தெற்கே வரும் வழியில், ஒரு சின்ன ஸ்டேஷனில். உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள பெட்டியில் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் சீட்டு இருந்தும் அபராதம். அந்த ஸ்டேஷனில் இருந்ததே ஒரு பெட்டி, அதுவும் வேலை செய்யவில்லை. ஆளில்லாத ஸ்டேஷன், கேட்கவும் நாதியில்லை. பெட்டியின் அணைந்த திரையையும் பின்னாலிருந்த கடிகாரத்தையும் சேர்த்து மனைவி படம் எடுத்தாள். ஏறியதும் பெட்டி பெட்டியாக நடந்து, பரிசோதகர் எங்களிடம் வருவதற்குள் நான் அவரிடம் போய்விட்டேன். "முத்திரை எங்கே?" என்றுதான் ஆரம்பித்தார். படத்தைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தபடியே சீட்டில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த பெட்டியில் ஒரு கொரிய ஜோடி அதே ஸ்டேஷனில் ஏறியவர்கள். அவர்களிடம் கறாராக அபராதம் வசூலிக்க ஆரம்பித்தார். நான் போய் அதே படத்தைக் காட்டிய பிறகுதான் விட்டார். முத்திரைப் பெட்டி பழுதென்றால் நீங்கள்தான் பரிசோதகரைத் தேடிப் போக வேண்டும். அவர் உங்களைக் கண்டுபிடிக்கும் வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆப்பில் வாங்கிய சீட்டுக்கு முத்திரை வேண்டாம், ஆனால் ஏறுமுன் செக்-இன் கேட்டால் செய்துவிடுங்கள்.

போலோன்யாவிலிருந்து பாரி வரை அதிவேக ரயில், ஆறு மணி நேரத்துக்குப் பக்கம். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் அட்ரியாட்டிக் கடல் கூடவே வரும்.

இனி பாரி. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு மத்தேரா போவதாகத் திட்டம். ஊரிலேயே வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, நம் உரிமம், பாஸ்போர்ட், பதிவுச் சீட்டு எல்லாம் கையில். பதிவு செய்த இணையதளத்தில் டெபிட் கார்டு ஏற்கப்படும் என்று எழுதியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கிரெடிட் கார்டு மட்டும்தான். ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும்" என்றார். மனைவியிடம் கிரெடிட் கார்டு இருந்தது. ஆனால் ஓட்டப்போவது நான். பதிவுச் சீட்டைக் காட்டினேன். "அது அந்த இணையதளம் சொல்வது. எங்கள் விதி வேறு." மேலாளரைக் கூப்பிடுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மேலாளர் வரமாட்டாராம். கட்டிய பணம்? திரும்பாது, நீங்கள் காரை எடுக்கவில்லை என்றுதான் பதிவாகும் என்றார். கார் தர மறுத்தது அவர்கள், எடுக்க வராதவன் நான்! பின்னால் நின்ற ஜெர்மானியக் குடும்பத்தைக் கைகாட்டி அழைத்துவிட்டார். அம்மா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்று உருப்படியாகச் செய்தேன். மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தாருங்கள் என்று கவுன்டரை விட்டு நகராமல் நின்றேன். நெடுநேரம் கழித்து ஒரு தாளில் 'கார்டு ஏற்கப்படவில்லை' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தத் தாளையும், இணையதளத்தில் டெபிட் கார்டு பற்றி இருந்த வரியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பிய பிறகு, ஊர் திரும்பி வெகு நாள் கழித்துப் பணத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது. தாள் இல்லாவிட்டால் ஒரு யூரோ வந்திருக்காது. கார் எடுப்பவர்கள் பதிவுப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட கிளையின் வாடகை நிபந்தனைகள் தனிக் கோப்பில் இருக்கும், அதைப் படியுங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு, அதில் பிணைத்தொகையாகப் பிடித்துவைக்கப் போதுமான வரம்பு, இரண்டும் வேண்டும்.

கார் கிடைத்தவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. பழைய நகரப் பகுதிகளுக்குள் அனுமதியில்லாத வண்டி நுழையக் கூடாது. வாசலில் கேமரா இருக்கும். மின்பலகையில் 'வார்க்கோ அத்திவோ' என்று ஒளிர்ந்தால் தடை அமலில் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பிவிடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. விடுதி பழைய நகருக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்பே விடுதிக்காரரிடம் கொடுத்துப் பதியச் சொல்லலாம்.

சரி, ரயிலில் போவோம் என்று திரும்பினால் அடுத்த அடி. மத்தேராவுக்குத் தேசிய ரயில்பாதை நாங்கள் போனபோதும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பாரியிலிருந்து, தண்டவாள அகலம் குறைந்த ஒரு தனி ரயில் மட்டும் உண்டு. அது ஞாயிறும் பண்டிகை நாளும் ஓடாது, பதிலுக்குப் பேருந்து. வழக்கமான ரயில் ஆப்பில் தேடினால் இந்த விவரம் கண்ணில் படவே இல்லை. தகவல் மையத்தில் இருந்தவர், பேருந்து ஸ்டேஷன் முன்வாசலில் வரும் என்று கைகாட்டினார். வெயிலில் முன்வாசலில் நின்றோம். ஒன்றும் வரவில்லை. காபிக் கடைக்காரர்தான் பரிதாபப்பட்டு, பின்பக்கம் கப்ரூட்சி தெருவுக்குப் போகச் சொன்னார். தண்டவாளத்துக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதை வழியாகப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து வெளியூர்ப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்புகின்றன. மத்தேரா போகும் ஒரு தனியார் பேருந்தில் நான்கு இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா என் தோளைத் தட்டிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அல்பெரோபெல்லோவின் கூம்புக்கூரை வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்: ஞாயிறு என்றால் ரயிலை நம்பாதீர்கள். வார நாளில் மத்தேரா ரயிலில் போனால், அல்தமூராவில் பெட்டிகள் பிரிந்து வேறு ஊருக்குப் போவதுண்டு. எந்தப் பெட்டி மத்தேரா போகிறது என்று ஏறும்போதே கேளுங்கள். அல்தமூராவில் இறங்க நேரம் இருந்தால் ரொட்டி வாங்குங்கள், அந்த ஊர் ரொட்டியின் பெயருக்கு 2003 முதல், நம்மூர் புவிசார் குறியீடு போல, ஐரோப்பியப் பாதுகாப்பு உண்டு.

பட்ட பாடெல்லாம் மத்தேராவைப் பார்த்ததும் தீர்ந்தது. பாறையைக் குடைந்து, அதன்மேலேயே கட்டி, அதற்கும் மேல் இன்னொரு வீடு கட்டிய ஊர். 1952இல் சட்டம் போட்டு அங்கிருந்த சுமார் 15,000 பேரை வெளியேற்றினார்கள். வறுமையும் மலேரியாவும் அப்படி. 1993இல் அதே குகைவீடுகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2019இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர். இன்று அந்தக் குகைகளில் விடுதிகள். அழகில் மயங்கிப் பள்ளத்தில் அறை எடுத்துவிடாதீர்கள். வீட்டு வாசல் வரை எந்த வண்டியும் வராது. வழவழப்பான கல்படிகளில் சக்கரப் பெட்டி இழுக்க முடியாது. நாங்கள் மேல் தெருவில், படியில்லாத அறையாகக் கேட்டு வாங்கியிருந்தோம். அம்மாவின் முழங்கால் அதனால் தப்பியது.

அடுத்து சலெர்னோ. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்தில் பேஸ்தும். கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் கிரேக்கர் எழுப்பிய மூன்று கோயில்கள் அங்கே இன்னும் தூண்களோடு நிற்கின்றன. நாங்கள் போக நினைத்த நாளில் ரயில் வேலைநிறுத்தம். முந்தின நாள் மாலை ஸ்டேஷன் கவுன்டரில் இருந்தவரிடம் கேட்டதற்கு, தலையைக்கூட நிமிர்த்தாமல் "நாளைக்கு ரயில் இல்லை" என்று சொல்லிவிட்டார். முழுப் பொய் அது. வேலைநிறுத்த நாளிலும், அது வார நாளாக இருந்தால், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்களின் ஒரு பகுதி ஓடியே ஆக வேண்டும். அலுவலகம் போகிறவர்களுக்காகச் சட்டப்படி உள்ள ஏற்பாடு. எந்தெந்த ரயில் ஓடும் என்ற பட்டியல் அவர் கவுன்டருக்கு எதிர்ச்சுவரிலேயே ஒட்டியிருந்தது! காலை ஒன்பதுக்கு முன் ஒரு ரயில், மாலை ஆறுக்குப் பின் ஒரு ரயில், இரண்டையும் குறித்துக்கொண்டோம். இரண்டும் வந்தன. நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. ஆனால் கூட்டமே இல்லாத கோயில் முற்றத்தில் அப்பா ஆசை தீர நடந்தார். வெளியே நிழல் குறைவு, நடுப்பகலுக்கு அருங்காட்சியகம் நல்லது.

வேலைநிறுத்தங்கள் திடீரென்று வருவதில்லை. போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே தேதிவாரியாகப் போடுகிறார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், முந்தின இரவும் பாருங்கள். தொலைதூர ரயில்களுக்கும் ஓடும் ரயில்களின் பட்டியல் தனியாக உண்டு.

சிசிலிக்கு விமானம் வேண்டாம் என்று பிடிவாதமாக ரயிலிலேயே போனோம். தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள வில்லா சான் ஜொவான்னி துறைமுகத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளுகிறார்கள், நாமும் உள்ளேயே இருக்கலாம். மேல்தளத்துக்கு ஏறிப் போய் மெஸ்சினா நீரிணையைப் பார்த்தோம். கடல் குறுகலானதுதான், ஆனால் பிரிக்கவும் சேர்க்கவும் நேரம் பிடிக்கும். அன்று மாலைக்கு வேறு எதையும் பதிவு செய்துவைக்காதீர்கள்.

பலெர்மோவில் சாப்பாட்டுக் கவலை விட்டது. அப்பா சைவம், வடக்கே பாலாடைக்கட்டியும் ரொட்டியுமாக ஓட்டியவர், இங்கே தெருவோரத்தில் கொண்டைக்கடலை மாவில் பொரித்த பனெல்லேயைப் பார்த்ததும் நம்மூர் பஜ்ஜி போலிருக்கிறதே என்று இரண்டாவது தட்டு கேட்டார். பல்லாரோ சந்தைப் பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டது. அந்த ஊரில் ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவளாகக் கொண்டாடப்படும் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, மோந்தே பெல்லெக்ரினோ மலைமேல், கத்தோலிக்கரோடு சைவத் தமிழர்களும் போய் வணங்குகிறார்கள். நாங்களும் மறுநாள் ஞாயிறன்று மலைக்குப் போவதாக இருந்தோம்.

மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டோம். "தம்பி, நாளைக்கு பஸ் குறைவு. காலையிலேயே வெளிக்கிடுங்கோ. டிக்கெட்டை இப்பவே வாங்கி வையுங்கோ, ஞாயிறு உந்தக் கடையள் பூட்டு," என்றார். அம்மாவைப் பார்த்து, "அக்கா, நீங்கள் நடக்க வேண்டாம், இறங்கேக்கையும் பஸ்ஸிலயே வாங்கோ," என்று சொல்லி, திரும்பும் பேருந்து நேரத்தை ஒரு ரசீதின் பின்னால் எழுதித் தந்தார். சனி மாலையே புகையிலைக் கடையில் எட்டுச் சீட்டுகள் வாங்கினோம். ஞாயிறு காலை பேருந்து அவர் சொன்ன நேரத்துக்கு வந்தது, மலையேறிப் பார்த்துவிட்டு அவர் எழுதித் தந்த பேருந்திலேயே இறங்கினோம்.