பரிசுப் புத்தகமும் பக்திவிருத்தியும்

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பரிசளிப்புக்குப் புத்தகம் வாங்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு நாள், பார்க் டவுனில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் கடையில் ஒரு நாள் என்று அலைந்து, பை கனக்க மின்சார ரயிலில் வீடு திரும்புவேன். சிறு பிள்ளைகளுக்கு வாங்குவதில் சிரமம் ஏதுமில்லை. நோவாவின் பேழை வண்ணத்தில் இருந்தால் போதும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம்தான் திண்டாட்டம். அவர்களுக்கு வாளும் குதிரையும் துரோகமும் உள்ள கதை வேண்டும். அவர்களைப் பெற்றவர்களுக்கோ பக்திவிருத்திக்கு ஏதுவான புத்தகம் வேண்டும்.

பக்திவிருத்தி என்ற சொல்லை நாம் ஜெபக்கூட்டங்களில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். "எல்லாம் பக்திவிருத்தியை உண்டாக்காது" என்று பவுல் 1 கொரிந்தியர் 10:23இல் எழுதும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது வீடு கட்டுவதைக் குறிக்கும் சொல். அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு கடையின் அடுக்குகளைப் பார்த்தால், அட்டையில் சிலுவை அச்சிட்ட புத்தகமெல்லாம் கட்டுகிற புத்தகம் ஆகிவிடாது என்பது தெரிகிறது. நல்லவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நல்லவராகவே இருந்து, தீயவர் இறுதி அதிகாரத்தில் கண்ணீரோடு முழங்காற்படியிடும் கதைகளை நான் வாங்குவதை நிறுத்தி நாளாயிற்று. தாவீது பத்சேபாளை அழைப்பித்ததையும், உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்ததையும் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம் ஒளிக்கவில்லை. நம்முடைய பக்திக் கதைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கூச்சமோ தெரியவில்லை.

நம் சென்னை வேப்பேரியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1761இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்தபோது, கொள்ளைப் பொருளோடு பிரெஞ்சுக்காரரின் அச்சு இயந்திரம் ஒன்றும் சென்னைக்கு வந்தது. அரசாங்கத்தின் அச்சு வேலைக்கு முதலிடம் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரி மிஷனில் இருந்த ஜெர்மானிய மிஷனரி ஃபப்ரீஷியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772இலும், தமிழ் - ஆங்கில அகராதி 1779இலும் வேப்பேரியிலேயே அச்சாயின. அதே மனிதர் முதுமையில் பணவிவகாரங்களில் சிக்கிக் கடன்பட்டுச் சிறையிலும் கிடந்தார். இதை வைத்து ஒரு வரலாற்று நாவல் எழுதப்பட்டு, அதில் போர்க்கொள்ளையும் கடன்காரர்களும் விடப்பட்டு, விளக்கொளியில் வேதம் மொழிபெயர்க்கும் முதியவர் மட்டும் இருந்தால், நான் அதை வாங்கமாட்டேன். கடனாளியாகச் சிறையில் கிடந்தவரின் மொழிபெயர்ப்பையா இத்தனை தலைமுறை வாசித்தது என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை திகைத்து நிற்கட்டும். அந்தத் திகைப்புக்காகவே வாங்குவேன்.

ஆனால், உண்மையைத் தேடி வாசிக்கிறவருக்கும் வரலாற்று நாவல் ஒரு கண்ணி வைக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன்.

போலந்து எழுத்தாளர் சென்கிவிச் 1895-96இல் தொடராக எழுதிய 'குவோ வாடிஸ்' (லத்தீனில் 'எங்கே போகிறீர்') நாவலைக் கல்லூரி நாட்களில் வாசித்தேன். நீரோவின் ரோமாபுரி, 64ஆம் ஆண்டுத் தீ, அரங்கில் மிருகங்களுக்கு இரையாகும் விசுவாசிகள் என்று பல இரவுகள் தூக்கமில்லை. வெகுகாலம் கழித்து, ஞாயிறு பள்ளியில் பேதுருவைப் பற்றிப் பேசும்போது, அவர் ரோமாபுரியை விட்டுத் தப்பியோடுகையில் வழியில் ஆண்டவர் எதிர்ப்பட்டார் என்றும், "நீர் எங்கே போகிறீர்" என்று பேதுரு கேட்டதற்கு, மறுபடியும் சிலுவையில் அறையப்படப் போகிறேன் என்று அவர் சொன்னார் என்றும் உருக்கமாகச் சொல்லி, அது வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது என்றும் சேர்த்துவிட்டேன். முதல் பெஞ்சில் இருந்த சிறுமி வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எந்த அதிகாரம் அங்கிள்?" என்றாள். நானும் புரட்டினேன். 28ஆம் அதிகாரம், பவுல் வாடகை வீட்டில் இரண்டு வருஷம் தங்கியிருந்ததோடு முடிந்துவிட்டது. பேதுரு ரோமாபுரிக்கு வந்ததாகவே அங்கு இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன். வீட்டில் தேடியபோதுதான் விளங்கியது: அந்தக் காட்சி 'பேதுருவின் நடபடிகள்' என்னும், வேதத்தில் சேராத இரண்டாம் நூற்றாண்டு நூலிலிருந்து வந்தது. "ஆண்டவரே, நீர் எங்கே போகிறீர்" என்ற கேள்வி மட்டும் யோவான் 13:36இல் இருக்கிறது. அதுவும் ரோமாபுரிச் சாலையில் அல்ல, எருசலேமில், கடைசி இராப்போஜனத்து இரவில். நாவலாசிரியர் என்னை ஏமாற்றவில்லை. அவர் நெய்த துணியில் தையல் எங்கே இருக்கிறது என்று நான்தான் பார்க்கவில்லை.

இதைக் கேட்ட என் அத்தை, இதற்குத்தான் கதைப் புத்தகமே வேண்டாம் என்கிறேன் என்றார். எபேசுவில் விசுவாசிகள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து சுட்டெரித்ததை அவர் எப்போதும் எடுத்துக்காட்டுவார். எரிக்கப்பட்டவை மாயவித்தைப் புத்தகங்கள் என்பதைப் பணிவாகச் சொன்னேன். அத்தையிடம் அதற்கு மேல் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பேசியிருந்தால் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றிச் சொல்லியிருப்பேன். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, பின்னர் கிறிஸ்தவரானவர் அவர். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' அவர் கையில் 'இரட்சணிய யாத்திரிக'மாக 1894இல் வெளிவந்தபோது, அந்த விருத்தங்களில் கம்பனின் நடை அப்படியே கேட்டது. ஞானஸ்நானத்தோடு கம்பனையும் அவர் மூட்டைகட்டி வைத்திருந்தால் நமக்கு அந்தக் காவியம் கிடைத்திராது. சோழர் காலத்து நாவலில் தேவாரமும் திருவிழாவும் வருகின்றன என்பதற்காக அதைப் பிள்ளைகளுக்கு மறுக்க எனக்கு மனம் வராததற்கு இது ஒரு காரணம். பத்தாம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர்க்காரராகத்தானே பேசவேண்டும்?

மறுக்கும் புத்தகங்களும் உண்டு. கொடுமையை ருசித்து ருசித்து எழுதுபவை, பழங்காலத்து உடையில் இன்றைய சாதிப் பெருமையை உலவவிடுபவை ஆகியவற்றை இரண்டு அதிகாரங்களிலேயே கண்டுகொள்ளலாம். வயதும் பார்க்கவேண்டியதுதான், நீரோவின் விருந்துக் காட்சிகளைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நான் நீட்டமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பரிசாகக் கொடுக்கும் வரலாற்று நாவலின் உள்அட்டையில், சபை முத்திரை குத்திய பரிசுச் சீட்டுக்குக் கீழே, அரைத்தாளில் கைப்பட எழுதி ஒட்டுகிறேன்: இவர்கள் வாழ்ந்தவர்கள், இவர்கள் ஆசிரியரின் கற்பனை, இந்தக் காட்சி வேதத்தில் உண்டு, இந்தக் காட்சி இல்லை. இந்த ஆண்டு மூத்தோர் பிரிவில் முதல் பரிசு அதே சிறுமிக்கு. இப்போது பத்தாம் வகுப்பு. மேடையிலிருந்து இறங்கி, என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, அட்டையைத் திறந்து சீட்டை முழுவதும் வாசித்துவிட்டு, "மூணாவது வரியில வசன எண் போடலையே அங்கிள்" என்றாள். பேனாவைக் கேட்டு வாங்கி, அவள் மடியில் வைத்தே எழுதிக் கொடுத்தேன்.